மாலை கழற்றும் நாள்

மரக்காணத்து உப்பளப் பக்கம் ஓர் ஆம்பளை முருகனுக்கு மாலை போட்டுவிட்டால் முதலில் சந்தோஷப்படுவது முருகன் இல்லை, அவனுடைய பெண்டாட்டி. மாலை போட்டவன் குடிக்க மாட்டான். சாமி இருக்கிறதா இல்லையா என்று டீக்கடையில் வாய் கிழியப் பேசுகிறவன்கூட, கழுத்தில் மாலை இருக்கும்போது கடைப்பக்கம் திரும்ப மாட்டான். ஒரு மண்டலத்துக்கு வீட்டில் சத்தம் இருக்காது. தட்டு பறக்காது. நேற்றுவரை 'டேய்' என்று கூப்பிட்டவனெல்லாம் 'சாமி, வாங்க சாமி' என்பான். உப்பள முதலாளியே பைக்கை நிறுத்தி, 'சாமி, கிழக்கால பாத்தி வாரியாச்சுங்களா' என்று கேட்டுவிட்டுப் போவார்.

வருகிற கஷ்டமெல்லாம் கடைசி நாளில்தான். கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுக் குருசாமி கையால் மாலையைக் கழற்றிவிட்டால், அதோடு விரதம் முடிந்தது. நெற்றி விபூதி அழிவதற்குள் சாராயக் கடை வாசலில் நிற்கிற மகராசன்களும் உண்டு. அதனால் கோயிலுக்குக் கிளம்புகிற அன்று எங்கள் பக்கத்துப் பெண்கள் முகத்தைப் பார்த்தால், கோயிலுக்குப் போகிறவள் மாதிரியே இருக்காது.

மாரியம்மாளுக்கு அந்த வருஷம் ஒரு வாரம் முன்பிருந்தே சோறு இறங்கவில்லை. அவள் புருஷன் சேட்டு, அளத்தில் வாருபலகை பிடிக்கிறவன். பாத்தியில் விளைந்த உப்பை அவன் வாரிக் கரையில் ஒதுக்குவான். அவள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவாள். கல்யாணம் ஆனதிலிருந்து இதே வேலைதான். நல்ல உழைப்பாளி, தங்கமான மனுஷன் என்று யாரும் சொல்வார்கள், பொழுது சாயும்வரை. எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்து ஜனங்கள் செத்த வருஷம் அவனும் பயந்து நிறுத்தினான். பயம் கொஞ்ச நாளில் போய்விட்டது, தாகம் போகவில்லை. போன மார்கழியில் வயிறு ஊதிக் கண் மஞ்சளாகிப் பாண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா மாரியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, 'ஈரல்ல பாதி போயிடுச்சும்மா. இனி ஒரு தடவை குடிச்சார்னா இங்க தூக்கிட்டு வராதீங்க, வந்தும் பிரயோசனம் இல்ல' என்று சொல்லிவிட்டார்.

வந்த கையோடு அவளே அவனை இழுத்துக்கொண்டு போய் மயிலத்து முருகனுக்கு மாலை போட வைத்தாள். கூடவே தானும் போட்டுக்கொண்டாள். கர்ப்பப்பையை எடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது, அவளுக்கு இடையில் கழற்ற வேண்டிய தொந்தரவு இல்லை. பச்சைப் புடவையும் வெறுங்காலுமாக உப்பு சுமந்தாள். செருப்பு போடக்கூடாது என்பது அளத்து ஜனத்துக்கு ஒரு விரதமா என்ன? அவர்கள் கால் என்றைக்கு மூடியிருந்தது, இன்றைக்குத் திறக்க.

பங்குனி உத்திரத்தன்று அளத்தில் ஆள் வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டதால், அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமையே மயிலம் போய் வந்துவிடுவது என்று குருசாமி பலராமன் முடிவு செய்தார். சேதி வந்தபோது மாரியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உப்புக் குவியல் மேல் சாய்ந்து நின்றாள். அவளோடு உப்பு சுமக்கிற கலைமதி பக்கத்தில் வந்து நின்றாள். கலைமதியின் புருஷன் ஜெயசீலனும் மாலை போட்டிருந்தான்.

"இன்னாக்கா, மூஞ்சி செத்துப் போச்சி?"

"உத்திரம்னு இல்ல சொன்னாங்க? இன்னும் நாலு நாளு இருக்குதேன்னு இருந்தேன்."

"நாலு நாளு சேத்துப் போட்டா மட்டும் திருந்திடுவாங்களா? எங்க வூட்டு சாமி இப்பவே மயிலம் கூட்டு ரோட்டுக் கடையில இன்னா சரக்கு வருதுன்னு வெசாரிச்சிக்கினு கெடக்குது."

"உனுக்கு சிரிப்பு வருது கலை. எம் புருசனுக்கு அது வெசம்டி."

கலைமதி சிரிப்பை நிறுத்தினாள். "சாமிகிட்ட நல்லா வேண்டிக்கோக்கா. அது கைல இருக்குது" என்றாள்.

"சாமி கைல ஒண்ணும் இல்ல. மாலைதான் சாமி. அத்த கழட்டிட்டா சாமியும் போயிடும்" என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள் மாரியம்மாள்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன் நடந்தே கிளம்பினார்கள். புளிச் சோறும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் தூக்குவாளியில். பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் பச்சை. முருக்கேரியில் டீ, பிரம்மதேசம் தாண்டி மர நிழலில் சோறு. வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உப்பு கண்ணாடியாய் மின்னுகிற அளத்திலேயே நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு அது பெரிய வெயிலும் இல்லை. ஆனால் மாரியம்மாள்தான் அரை மைலுக்கு ஒரு தரம் உட்கார்ந்தாள். முள் குத்திவிட்டது என்றாள். தண்ணீர்ப் பந்தலைக் கண்டால் ரெண்டு தரம் மோர் வாங்கிக் குடித்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது என்றாள். உப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக ஓடுகிறவளுக்கு வெறுங்கையில் நடக்க இடுப்பு பிடிக்குமா? கலைமதிக்கு விஷயம் புரிந்தது, காட்டிக்கொடுக்கவில்லை.

சேட்டு முன்னால் பறந்துகொண்டிருந்தான். திரும்பித் திரும்பிப் பார்த்து, "சாமி, வெரசா வாங்க சாமி" என்று கத்தினான். அவன் ஒவ்வொரு தரம் கத்தும்போதும் மாரியம்மாள் நடையை இன்னும் தளர்த்தினாள். கழற்றிப் போட இவ்வளவு அவசரமா? ஒரு மண்டலம் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தவன், ஒரு நாளும் முகம் சுளிக்காதவன், உள்ளுக்குள் நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தானா? முன்னால் போகிற அந்தப் பச்சை வேட்டியின் மேல் அவளுக்குக் கோபமாக வந்தது.

ராத்திரி திண்டிவனத்துக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கி, மறுநாள் மறுபடி நடந்தார்கள். அன்றைக்கும் அவளால் எல்லோருக்கும் தாமதம். மலைப்படி ஏறி மேலே போனபோது உச்சி வேளை தாண்டிவிட்டது. நடை சாத்தியிருந்தது. நாலு மணிக்குத்தான் திறப்போம் என்றார் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த ஆள்.

பலராமனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, நடந்து வந்தியா, தவழ்ந்து வந்தியா? பூசைக்குள்ள வந்திருந்தா இந்நேரம் மாலைய எறக்கிட்டு வேன்ல ஏறியிருக்கலாம்."

"காலு வலிச்சிதுங்க சாமி."

"சரி, கீழ மண்டபத்துல போயி படுங்க. யாரும் எங்கயும் போவக் கூடாது. மாலை கழுத்துல இருக்குது, ஞாபகம் இருக்கட்டும்."

மாரியம்மாளுக்கு உள்ளூரக் கொஞ்சம் நிம்மதி. அரை நாளாவது மிச்சமாயிற்று. மண்டபத்துத் தூணில் சாய்ந்தாள். ரெண்டு நாள் நடையும் பட்டினியும் சேர்ந்து கண்ணை இழுத்தன. கண்ணை மூடித் திறந்ததுபோலத்தான் இருந்தது. பார்த்தால் எதிரே சேட்டு படுத்திருந்த துண்டு மட்டும் கிடந்தது. ஜெயசீலனையும் காணோம்.

"கலை, எங்கடி எங்க வூட்டு சாமி?"

கலைமதி எழுந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். "ரெண்டு பேரும் எதோ குசுகுசுன்னு பேசிக்கினு இருந்தாங்க அக்கா. நானும் அசந்துட்டேன்."

அதற்குமேல் மாரியம்மாள் கேட்கவில்லை. எழுந்து வெயிலில் இறங்கினாள். தார் ரோடு காலைச் சுட்டது. தெரிந்த இடம் ஒன்றுதான், கூட்டு ரோட்டுக் கடை. அந்த வழியாகப் போன ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏறினாள். எங்கே இறங்கணும் என்று ஆட்டோக்காரன் கேட்டபோது சொல்ல வாய் கூசியது. "பஸ் ஸ்டாப்புகிட்ட" என்று சொல்லி இறங்கி, மீதியை நடந்தாள். எல்லாம் தன்னால்தான் என்று தோன்றியது. நேரத்தோடு வந்திருந்தால் அவன் இந்நேரம் வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவனைக் காப்பாற்றுகிறேன் என்று பேர் பண்ணிக்கொண்டு, சும்மா கிடக்கிற ஒரு நீளமான மத்தியானத்தைப் பிடித்து அவன் கையில் கொடுத்தது அவள்தான்.

கடை முன்னால் நல்ல கூட்டம். தகரக் கொட்டகைக்குக் கீழே பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் மிதிபட்டுக் கிடந்தன. பச்சைப் புடவையும் மாலையும் நெற்றி நிறைய விபூதியுமாக அவள் அங்கே போய் நின்றதும் பேச்சு நின்றது. கம்பி வலைக்குள் கையை விட்டிருந்தவன் வெளியே இழுத்துக்கொண்டான். ஒருவன் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். வயசானவர் ஒருவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்.

"சாமி, இங்கல்லாம் வரக் கூடாது சாமி."

"எங்க ஊட்டுக்காரர தேடிக்கினு வந்தேங்க. பச்ச வேட்டி. ஒல்லியா இருப்பாரு. சேட்டுன்னு பேரு."

"மாலையோடவா? மாலையோட எவனும் இங்க வர மாட்டான் சாமி."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, தண்ணீர் டிரம்முக்குப் பின்னாலிருந்து ஜெயசீலன் எழுந்தான். கழுத்தில் மாலை இல்லை. சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

"நான் சும்மா மாங்கா வாங்க வந்தேன் சாமி" என்றான்.

"நீ எக்கேடாவது கெட்டுப் போ. அவரு எங்க?"

"கூப்புட்டேன். வர்றேன்னுதான் சொன்னான். ரோடு வரைக்கும் கூடவே வந்தான். திரும்பிப் பாத்தா ஆளு இல்ல. எனுக்குத் தெரியாது சாமி, சத்தியமா."

அவள் கடையைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். வேலிகாத்தான் புதருக்குள் கிடந்தவனைக் காலால் புரட்டிப் பார்த்தாள், வேறு எவனோ. வேறு கடை இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார்கள். வீட்டில் காய்ச்சி விற்கிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். அந்தப் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ அவளுக்கு ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார்கள். குளக்கரையில் தேடினாள், மொட்டை போடும் கொட்டகையில் தேடினாள், மூடிக் கிடந்த கடைகளின் நிழலில் தேடினாள். தேடுவதற்குக் கீழே இடமில்லாமல் போன பிறகுதான் மலையைப் பார்த்தாள்.

மேலே ஆள் அரவம் இல்லை. சாத்தின கதவுக்கு நேர் எதிரே, வரிசைக்குப் போட்டிருந்த இரும்புக் குழாயை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சேட்டு உட்கார்ந்திருந்தான். கல் கொதித்தது. அவன் வேட்டி வேர்வையில் ஒட்டியிருந்தது. கழுத்தில் மாலை இருந்தது.

மாரியம்மாள் அந்த மாலையைப் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் அப்படியே உட்கார்ந்தாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"இங்க இன்னா பண்றீங்க?"

"உக்காந்திருக்கேன்."

"கீழ நெழலு இல்ல? கல்லு மேல உக்காந்து வேவணுமா?"

"கீழ இருந்தா போயிடுவேன். ஜெயசீலன் கூப்புட்டான். காலு அது பாட்டுக்குப் போவுது. ரோட்டுல போயி நின்னுட்டேன். அப்புறம் ஒரே ஓட்டமா மேல வந்துட்டேன். இங்க உக்காந்துட்டா எறங்கத் தோணாதுன்னு." அவன் குழாயை விடவேயில்லை. "வெரசா வான்னு நேத்துலேர்ந்து கத்துனேன். போன வேகத்துல கும்பிட்டு, மாலைய எறக்கி, யாரும் சுதாரிக்கறதுக்குள்ள ஊட்டுக்குப் போயிடணும்னு பாத்தேன். சும்மா உக்காந்தா எனுக்கு ஆவாது. நீ இன்னாடான்னா காலு வலிக்குதுன்ன, முள்ளு குத்துதுன்ன."

அவன் அவசரம் எதற்கென்று ரெண்டு நாளும் அவள் கேட்கவேயில்லை.

"நீ எங்க போயிருந்த? காலெல்லாம் தாரு."

பொய் சொல்லலாம் என்று நினைத்தாள். கழுத்து மாலை உறுத்தியது. "கூட்டு ரோட்டுக்கு. கடைக்கு."

"கடைக்கா? மாலையோடவா?"

"ஆமா."

சேட்டு அவளைப் பார்த்தான். திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் முகம் சின்னப் பிள்ளை முகம்போலச் சுருங்கியது. "எனக்காக அங்க போயி நின்னியா? எல்லாப் பயலும் பாத்தானா?" என்றான். பிறகு கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நாலு மணிக்கு நடை திறந்தது.

தரிசனம் ஒரு நிமிஷம். பாலும் விபூதியுமாகக் குளிர்ந்து நின்ற முருகனைப் பார்த்து மாரியம்மாள் ரெண்டு நாளாக யோசித்து வைத்திருந்த எதையும் கேட்கவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ள, வெளியே வந்துவிட்டாள். பிரகாரத்தில் வேப்பமரத்தடியில் பலராமன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மாலையை இறக்கினார். ஜெயசீலன் நல்ல பிள்ளையாக மாலையை மறுபடி போட்டுக்கொண்டு முதல் ஆளாக நின்றான். தேங்காய் எண்ணெயும் கற்பூரமும் தாண்டி அவன்மேல் வேறு வாசமும் அடித்தது. பலராமன் மூக்கைச் சுளித்துப் பார்த்துவிட்டு, சாமி சன்னதியில் எதுக்குச் சண்டை என்று விட்டுவிட்டார்.

சேட்டு குனிந்து கொடுத்தான். மாலை தலையைத் தாண்டும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டான். அடுத்தது மாரியம்மாள். அவள் மாலையைக் கையால் பற்றிக்கொண்டு பின்வாங்கினாள்.

"எனுக்கு வேணாம் சாமி. இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா? கோயிலுக்கு வந்தாச்சு, விரதம் முடிஞ்சிதும்மா."

"எனுக்கு முடியல. ஊட்ல ஒருத்தர் கழுத்துலயாவது மாலை இருக்கணும் சாமி. இருந்தா ஊட்டுக்குள்ள அது வராது."

பலராமன் சேட்டுவைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். சேட்டு வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டு கிட்டே வந்தான்.

"கழட்டு மாரி."

"நீ சும்மா இரு."

"கழட்டுன்றேன்ல. ஒரு மண்டலம் ஒரு வேளை சோறு துன்னுட்டு உப்பு தூக்கியிருக்க. நான் குடிக்காத இருக்கறதுக்கு நீ சாவணுமா? கழட்டு. எனுக்கும் பயமாத்தான் இருக்குது. இருந்தாலும் கழட்டு."

எல்லோர் முன்னாலும் பயமாயிருக்கிறது என்று அவன் சொல்லிக் கேட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை. கையை எடுத்தாள். பலராமன் மாலையை இறக்கிக் கண்ணில் ஒற்றிப் பையில் போட்டார்.

வேன் பொழுது சாயும் நேரத்துக்குக் கிளம்பியது. ஜன்னலோரம் சேட்டு, பக்கத்தில் வழியோரம் மாரியம்மாள். கூட்டு ரோட்டில் ஜெயசீலன் எழுந்து, "டிரைவரண்ணே, டீக்கு நிறுத்துங்க" என்றான். வேன் நின்றது. எதிர்ப்பக்கம் கடையின் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆம்பளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பலராமன் முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வேலை முடிந்துவிட்டது. கலைமதி ஜன்னல் வழியாகத் தன் புருஷன் போவதைப் பார்த்து, சின்னதாக ஒரு வசவு வைதுவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

தான் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அப்போதுதான் மாரியம்மாளுக்கு உறைத்தது. மத்தியானம் கடை வாசலில் போய் நின்று அவன் மானத்தை வாங்கியது போதாதா? இன்னும் காவல் காத்தால் அவனை என்னவென்று நினைத்ததாக ஆகும்? நம்பியாக வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின் சீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தாள்.

சேட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தான். வாருபலகை பிடிக்கிற பிடி.

"எந்திரிக்காத."

"நான் ஒண்ணும் சந்தேகப்பட்டு மறிச்சிக்கினு உக்காரல. நீ போயி டீ கீ குடிக்கறதுன்னா…"

"வழி வுட்டா போயிடுவேன் மாரி. உக்காரு. வண்டி கெளம்பற வரைக்கும் எந்திரிக்காத."

அவள் உட்கார்ந்தாள். அவன் கையை எடுக்கவில்லை. வெளியே ஜெயசீலன் வந்து ஜன்னலைத் தட்டினான்.

"இன்னாடா சேட்டு, வர்றியா இல்லியா?"

சேட்டு தொண்டையைச் செருமினான். "எம் பொண்டாட்டி வழி வுட மாட்டேன்றாடா" என்றான்.

வெளியே நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பொண்டாட்டிக்குப் பயந்த பய என்று ஒருவன் சொன்னான். மாரியம்மாள் ரெண்டு காலையும் தூக்கி முன் சீட்டில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

"ஆமா, வுட மாட்டேன்" என்று ரோடு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "இன்னான்ற இப்ப?"